குன்வோரின் ஐஸ் பெட்டி

குன்வோர் முப்பது வருடமாக எங்கள் ஸ்வீடன் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிறாள். அவள் பார்ப்பது காம்ப்ளிமென்ட் சோதனை. கிருமியைத் தாக்க ரத்தத்தில் இருக்கும் காவல் படைதான் காம்ப்ளிமென்ட். சிலருக்கு உடம்பே தப்பான எதிர்ப்பொருளை உண்டாக்கி அந்தப் படையை அடங்கவிடாமல் செய்துவிடும். அது சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும்.

எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைக்காவிட்டால் குழாய்க்குள்ளேயே படை கிளம்பி, முடிவு பொய்யாகிவிடும். வைக்காதவர்களைக் குன்வோர் கிழி கிழியென்று கிழிப்பாள்.

அப்படிச் சிறுநீரகம் கெட்டுப்போன, பஸ் ஓட்டும் டோர்கெலுக்கு அவன் அக்கா சிறுநீரகம் தருவதாக இருந்தது. எதிர்ப்பொருள் அடங்கியிருந்தால்தான் அறுவை சிகிச்சை. இல்லாவிட்டால் அக்காவின் சிறுநீரகமும் வீண்.

அவனுடைய ரத்தம் வந்த அன்று எனக்கு ஐம்பதாவது பிறந்தநாள். ஒன்பதரை மணிக் காபிக்கு வராதவர்களை எங்கள் ஊரில் மன்னிக்கமாட்டார்கள். குழாயோடு நின்ற குன்வோரை, "ஒரே நிமிஷம்தான், வா" என்று இழுத்தேன். குழாயை ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தாள். கேக்கும் காபியுமாக அந்த ஒரு நிமிஷம் நாற்பது நிமிஷமானது.

ஒன்றும் ஆகியிருக்காது என்று அதையே சோதித்தாள்; எதிர்ப்பொருள் அடங்கவில்லை என்று முடிவு மோசமாக வந்தது. அறுவை சிகிச்சையைத் தள்ளிவைப்பதாக டாக்டர் ஹென்னிங் போனில் சொன்னார். குன்வோர் ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான்தான் கிசுகிசுத்தேன்: "ரத்தம் பத்தலைன்னு சொல்லி மறுபடி எடுக்கச் சொல்லேன். கேக் கதையெல்லாம் எதுக்கு?"

"முப்பது வருஷமா ஊரையே திட்டின வாய் இது," என்றவள் போனில் பேசினாள். "ஹென்னிங், தப்பு என்னோடது. ட்யூபை ஐஸ்ல வைக்காம கேக் தின்னுட்டு இருந்தேன்."

மறுநாள் ஐஸ் பெட்டியோடு டோர்கெலிடம் அவளே போனாள், நானும் கூடவே. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் ஐஸ் பெட்டியைப் பார்த்தான். பிறகு, "என்ன கேக்?" என்றான்.

"பாதாம் கேக்."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப சரி. எந்தக் கையில எடுக்கப்போற?"

அன்று காபிக்கு அவள் வரவில்லை. பதினொரு மணிக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். எதிர்ப்பொருள் அடங்கித்தான் இருந்தது.

வசந்தத்தில், உடம்பில் அக்காவின் சிறுநீரகத்தோடு, டோர்கெல் எங்கள் காபி நேரத்துக்கே வந்து சேர்ந்தான். ஒரு கையில் பாதாம் கேக், மறு கையில் சோதனைக்காக அப்போதுதான் எடுத்த அவன் ரத்தம், ஐஸ் பெட்டியில்.

"முதல்ல அதைக் குடு," என்று பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள் குன்வோர். காபி ஆறிப்போனது. அவள் வரும்வரை யாரும் கேக்கைத் தொடவில்லை.