கஸ்தூரி முடித்துக் கொடுத்த வாக்கியங்கள்

செவ்வாய்க்கிழமை காலை திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு வரும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். கஸ்தூரியின் மகள் செல்வி போனில் கூப்பிட்டாள். "மாமா, அம்மா நம்மள வுட்டுட்டுப் பூட்டாங்க" என்றாள்.  முந்தின நாள் மாலை ஐந்து மணி வரைக்கும் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு குடிதண்ணீர் மனுவை மூன்று தடவை திருத்தி அடித்துக் கொடுத்தவர். "நாளைக்கு லேட்டாத்தான் வருவேன், என் பேனாவைத் தொட்ட, கைய ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர். விடியற்காலையில் நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஆட்டோ ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது சாகிற வயதா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று மதியமே நாங்கள் வேலை பார்க்கிற தெருவின் முனையில் பேனர் கட்டிவிட்டார்கள். கஸ்தூரியின் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூன்று ஆச்சரியக்குறி. அடப்பாவிகளா, யாருக்கு வைக்கிற பேனரில் எதைப் போடுகிறீர்கள்! பக்கத்துக் கடையில் ஏணி வாங்கி வந்தேன். வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி ஆறு குறிகளையும் மறைத்தேன். மார்க்கர் பேனாவால் வரிக்கொன்றாக இரண்டு புள்ளி வைத்துவிட்டு இறங்கினேன். இந்த ஆளுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நாலு பேர் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போனவரைப் பற்றிப் பொறுமைசாலி, யார் மனத்தையும் நோகடிக்காதவர் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். கஸ்தூரியைப் பற்றி அப்படி எழுதினால் உங்களில் பாதிப் பேர் சிரித்துவிடுவீர்கள். சண்டைக்காரி. என்னோடு மட்டும் ஆயிரம் சண்டை போட்டிருப்பார். ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் என்ன வர வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷி இவ்வளவு சண்டை போட முடியுமா என்று கேட்பவர்கள், அவர் அடித்துக் கொடுத்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அதிகாரியின் முன்னால் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

கடப்பாக்கத்துப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவர். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர் பாஸ் பண்ணினார். கல்யாணமாகி செங்கல்பட்டுக்கு வந்தார். அரசு அலுவலகங்கள் இருக்கிற தெருவில் ஒரு டைப்பிங் சென்டரில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். வெயிலில் வருகிறவர்கள் வாயால் சொல்வதை நாங்கள் ஆங்கிலத்தில் மனுவாக அடித்துக் கொடுப்போம். திங்கட்கிழமை மனு நாள் என்பதால் அன்றைக்கு டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரிக்குப் போகிற மனுவில் கேள்விக்குறி போடமாட்டோம். மரியாதைக் குறைவாம்! கேள்வியையே கேட்டிருந்தாலும் கடைசியில் புள்ளி வைத்து அமுக்கிவிடுவோம். கஸ்தூரி அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. திருப்போரூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய வாய்க்காலை யாரோ மனை போடுவதற்காக மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். 'வாய்க்காலை எப்போது திறந்து விடுவீர்கள்?' என்று ஆங்கிலத்தில் கஸ்தூரி அடித்து, கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார். அந்த மனிதர் கையெழுத்துப் போடப் பயந்தார். "யம்மா, அந்தக் கொக்கிய மட்டும் எடுத்துடும்மா. ஆபீசர் கோச்சிக்கப்போறாரு" என்றார்.

"கேள்வி கேக்கத்தானே பஸ் ஏறி வந்த? கேட்டுட்டு அதை இன்னாத்துக்கு ஒளிச்சி வெக்கிற?" என்று கேட்டார் கஸ்தூரி. "கேள்விக்குறி போட்டா அவரு பதில் சொல்லணும். புள்ளி வெச்சிட்டா படிச்சிட்டு கீழ வெச்சிடலாம். இன்னா வேணும், சொல்லு." அவர் யோசித்துவிட்டு அப்படியே கையெழுத்துப் போட்டார். அதிகாரி கோபித்துக்கொள்ளவும் இல்லை. எப்போது வந்து பார்ப்பார்கள் என்று ஓரத்தில் எழுதியே அனுப்பினார்.

அதற்காக எல்லா இடத்திலும் கேள்விக்குறியைத் தூவுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். 'எப்போது என்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்கிற வரிக்கு நான் ஒருமுறை கேள்விக்குறி போட்டுவிட்டேன். முதுகுக்குப் பின்னாலேயே குரல் வந்தது. "இன்னாய்யா மோகனு, இதுல கேள்வி எங்க கீது? இது கேட்டுக்கிற வாக்கியம். புள்ளி போதும்." ஆச்சரியக்குறி மேல் அவருக்கு இன்னும் கோபம். விதவை உதவித்தொகை நின்றுபோன ஒரு பெண் வரிக்கு நாலு ஆச்சரியக்குறியோடு தானே எழுதிக் கொண்டுவந்தாள். கஸ்தூரி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "நீ அழுவறது ஆபீசருக்குத் தெரியணும்னா இன்னிக்கி உன் வூட்ல இன்னா சமைச்ச, அதை எழுது. நாலு குச்சி நட்டுட்டா பந்தல் ஆயிடாது" என்றார். அந்தப் பெண் சொல்லச் சொல்ல அடித்தார். மொத்தம் ஆறு வாக்கியம், ஆறு புள்ளி. 

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. மனுவை அடித்து முடித்த கையோடு கையெழுத்து வாங்கிவிடமாட்டார். ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்காட்டுவார். புள்ளி வந்ததும் நிறுத்தி, "சரியா?" என்று கேட்பார். எதிரே இருப்பவர் தலையாட்டினால்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போவார். கடைசிப் புள்ளிக்குக் கீழே கையெழுத்து வரைக்கும் காலி இடம் இருந்தால் பேனாவால் குறுக்கே கோடு போட்டு அடைத்துவிடுவார். ஒரு மனுவுக்கு இப்படி அரை மணி நேரம் போகும். சென்டர் முதலாளி பல்லைக் கடிப்பார். நானும்தான் கடித்தேன்.

இனிமேல் நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் கஸ்தூரி கோர்ட்டுக்குப் போயிருந்தார். கடற்கரையில் விடுதி கட்டுகிற ஒரு கம்பெனியின் தரகர், கஸ்தூரியின் குப்பத்திலிருந்தே பதினோரு பெண்களை வேனில் அழைத்துக்கொண்டு வந்து, அவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கருவாடு காயவைத்து விற்கிற பெண்கள். ஊர் ஓரத்து மணலில் அவர்களுக்கு ஒரு களம் இருந்தது. அது போனால் அந்தப் பதினோரு வீட்டிலும் உலை கொதிக்காது. களத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு மாதத்துக்கு ஜல்லியும் சிமென்டும் இறக்கி வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார் தரகர். நான் அடித்தேன். 'கம்பெனி எங்கள் களத்தைப் பயன்படுத்திக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்பது வரைக்கும் ஆங்கிலத்தில் வந்ததும் தரகர் கையை நீட்டித் தடுத்தார்.

"சார், அத்தோட வுட்டுடுங்க. புள்ளி கிள்ளி எதுவும் வெக்காதீங்க. மிச்சத்த எங்க வக்கீல் பார்த்து முடிப்பாரு. கையெழுத்துக்கு மட்டும் நல்லா கீழ எடம் வுடுங்க."

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதினால் அது பச்சைப் பொய். கையெழுத்தான தாளைத் திரும்பப் பிரிண்டரில் விட்டு, பாதியில் நிற்கிற வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் முடிக்கலாம் என்பது எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. நமக்கென்ன வந்தது என்று இருந்தேன். தமிழில் சொல்லிக்காட்டவும் இல்லை. தாள் வெளியே வந்த பிறகுதான் தரகர் அவர்களை உள்ளே கூப்பிட்டார்; பதினோரு பேரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள்.

தரகர் தாளை மடிக்கிற நேரத்தில் கஸ்தூரி உள்ளே வந்தார். தன் ஊர்ப் பெண்களைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "குடுங்க" என்று வாங்கிப் படித்தார். அவர் முகம் மாறியது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

"அஞ்சலை, எத்தினி நாளைக்கின்னு சொன்னாரு?"

"ஒரு மாசம்னாருக்கா" என்றாள், அந்தப் பெண்களில் முன்னால் நின்ற அஞ்சலை.

கஸ்தூரி பேனாவை எடுத்தார். ஒரு மாதத்துக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தை முடித்து, அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தார். புள்ளியிலிருந்து முதல் கையெழுத்து வரைக்கும் குறுக்கே கோடு இழுத்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், இன்னா வேலை பண்ணிட்ட நீ! லெட்டரையே நாஸ்தி பண்ணிட்டியே!" என்று கத்தினார் தரகர்.

"ஒரு மாசம்னு நீங்கதானே சொன்னீங்க? அதை எழுதி வாக்கியத்த முடிச்சேன். வேற எதுனா சேக்கணும்னா இப்பவே இவங்க எதிர்ல சொல்லுங்க, நானே அடிச்சித் தரேன்."

அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? கடிதத்தை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாதத்துக்குத்தான் என்றால் அதைக் கிழிக்க வேண்டிய அவசியம் என்ன? பதினோரு பெண்களும் தரையில் கிடந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கஸ்தூரிதான் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு, அந்தத் தரகரிடம் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் வராதே என்றார். "தப்பா எழுதியிருந்தா கேக்கறேன். காட்டுங்க, எங்க தப்பு?" என்றார் கஸ்தூரி. முதலாளி வாசலைக் கையால் காட்டினார். நான் குனிந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். கடிதத்தை அடித்தது யார் என்று யாரும் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. தரகரே அடித்துக்கொண்டு வந்தார் போலிருக்கிறது என்று இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தேன். கஸ்தூரி தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய், எதிர்ச் சாரியில் ஒரு வேப்பமரத்தடியில் மேசை போட்டார். ஒரு பழைய லேப்டாப், பிரிண்டர், பக்கத்துக் கடையிலிருந்து கரண்ட்.

மூன்று மாதம் அவரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன்.  ஒரு நாள் மதியம் எழுந்து தெருவைத் தாண்டிப் போனேன். அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்புறம் வெச்சிக்க. மூணு மனு கீது, குந்து" என்றார். அன்றோடு சென்டரை விட்டு அவரோடு மரத்தடியில் உட்கார்ந்தேன். அப்புறம் என்பது வரவே இல்லை. எட்டு வருடமாக அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, எனக்கும் தைரியம் வரவில்லை. களம் தப்பித்தது. அந்தப் பெண்களும் ரேஷன் கார்டு, படகு லைசென்ஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான் வந்தார்கள். கஸ்தூரி வேலையாக இருந்தால் என் எதிரே உட்காருவார்கள். நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்து எனக்கும் ஒரு பொட்டலம் கொடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அது என் கையைச் சுட்டது.

புதன்கிழமை குப்பத்தில்தான் அடக்கம். எல்லாம் முடிந்து திரும்பும்போது அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணாத்த, இனிமே எங்களுக்கு எழுத நீ ஒருத்தருதான்" என்றாள். என்னால் தாங்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். "அஞ்சலை, அந்தக் கம்பெனி லெட்டரை அடிச்சது நான்தான். முடிக்காம வுட்டதும் நான்தான். தெரிஞ்சேதான் வுட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் அண்ணாத்த. அன்னிக்கி பஸ்ல ஏத்தி வுடும்போதே கஸ்தூரிக்கா சொல்ட்டாங்க. எங்களுக்கு வயிறு எரிஞ்சிச்சி. அந்தாளு மூஞ்சிலயே முழிக்கமாட்டோம்னோம். அவங்கதான் சண்டை புடிச்சாங்க. 'நான் இல்லைன்னா அவனாண்டதான் போவணும். தான் பண்ண தப்பைக் கண்ணால பார்த்துட்டான். இனிமே ஒரு வரிய பாதில வுடமாட்டான், எனக்குத் தெரியும்'னாங்க."

எட்டு வருடம்! பதினோரு பெண்களும் தெரிந்துகொண்டேதான் என் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் தெருவைத் தாண்டி வருவதற்கு மூன்று மாதம் முன்பே, நான் இன்னும் கோழையாக ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தபோதே, அந்த மனுஷி எனக்காகச் சண்டை போட்டிருக்கிறார். எந்த ஆதாரமும் இல்லாமல், என் பெயரைச் சொல்லி உறுதி கொடுத்திருக்கிறார்.

கஸ்தூரியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த உறுதிதான். அவருடைய ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று நான் வேண்டப்போவதில்லை, அவருக்கு அது பிடிக்காது. கையெழுத்துக்கு மேலே இடம் விடச் சொல்லி வருகிற தரகர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த அம்மா போய்விட்டார், இனிமேல் தொல்லை இல்லை என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். திங்கட்கிழமை அந்த மேசையில் நான் இருப்பேன். கஸ்தூரி என்னைப் பற்றிச் சொன்னதைப் பொய்யாக்க நான் யாரையும் விடமாட்டேன், என்னையும் சேர்த்து.