வெள்ளையன் வீட்டுக் கூடத்தில் ஓடும் ஓடை

காலை 6.40க்கு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளியில் பத்து ரூபாய்க்கு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டேன். மேலே கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள்.

“சுத்திப் பார்க்கவா போறீங்க?” என்றார் கண்டக்டர்.

“மன்னிப்புக் கேட்க.”

“போன்ல கேட்டா ஆகாதுங்களா?”

“போனில் எல்லாம் நல்லா இருக்குதுன்னு பதினைந்து வருடமாகச் சொல்லி வந்தார்கள்.”

நான் கட்டடக்கலை கற்பித்து ஓய்வு பெற்றவன். கொல்லிமலை மேல் எடப்புளி நாட்டில் மிளகு விவசாயி வெள்ளையனுக்கு ஒரு வீடு வரைந்து கொடுத்தேன். மலை ஊற்றைத் திருப்பிக் கூடத்தின் நடுவே இரண்டடி அகல ஓடையாக ஓடவிட்டேன். லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட முன்கண்ணாடிகளை ஜன்னலாக வைத்தேன். ஒரு சுவர் முழுக்கக் காலி பிராந்தி பாட்டில்கள். கட்டி முடித்த அன்று படம் எடுத்து, கருத்தரங்குகளில் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

போன வாரம் அவர் மனைவி பாப்பாத்தி போன் செய்தார். “மொளகுக் கொட்டாயில குடியிருக்கறமுங்க சார். நீங்க சொன்னாத்தான் தண்ணிய அடைப்பேங்கறாரு. ஏன்னு நேர்ல வந்தாத் தெரியும்.”

9.30 மணிக்குச் செம்மேடு. அங்கிருந்து ஜீப்புக்கு இருநூறு ரூபாய்.

வெள்ளையனும் நானும் கூடத்தில் உட்கார்ந்தோம். மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு ஒருவர் உள்ளே வந்தார், ஓடையில் சேற்றுக் காலைக் கழுவினார், “நல்ல வசதிங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

“யாருங்க அது?”

“தெரியலீங்க,” என்றார் வெள்ளையன், ஓடைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி. “தண்ணியப் பார்த்தா எல்லாரும் கால் கழுவ வந்தர்றாங்க.”

“பாட்டில் சுவர்?”

“பொண்ணு பார்க்க வந்தவங்க, அத்தனையும் மாமனாரு குடிச்சதான்னு கேட்டாங்க. இல்லீங்க, புரொபசர் சார் குடுத்ததுன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

அதற்குள் நான் எழுந்தேன். கழிப்பறை காப்பிச் செடிகளுக்கு அப்பால். திரும்பி வந்து உட்கார்ந்தேன், ஓடை சலசலத்தது, மறுபடி எழுந்தேன். அரை மணி நேரத்தில் மூன்று முறை. ஓடும் நீரின் ஓசை மனத்துக்கு அமைதி தரும் என்று வகுப்பில் சொன்னபோது எனக்கு ஐம்பத்தேழு. இப்போது எழுபத்திரண்டு.

வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கு ராத்திரிக்குப் பத்துத் தடவைங்க. படிச்சவரு செஞ்சு குடுத்தத எப்படிக் குறை சொல்றது?”

“ஏனுங்க சார்,” என்றார் வாசலிலேயே நின்ற பாப்பாத்தி, “உங்க ஊட்டுல இப்படி வெச்சிருக்கீங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

“என் மனைவி சம்மதிக்கவில்லை. உங்களிடம் நான் கேட்கவே இல்லை.”

பாப்பாத்தி மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குப் பின்னால் மடையில் நான்கு வெட்டு மண் போட்டேன், மூச்சு வாங்கியது. மிச்சத்தை வெள்ளையன் போட்டார். ஓடை வற்றியதும் ஒரு நண்டு திகைத்துப்போய்க் கூடத்தைக் கடந்து வெளியேறியது. பாப்பாத்தி தரையைத் துடைத்தார். பிறகு கொட்டாயிலிருந்து அடுப்பைத் தூக்கி வந்தார், அதன் பின் பாயை.

மூன்று மணிக்கு விடைபெற்றேன். படி இறங்கும்போது, “பாப்பாத்தி, சாருக்கு மொளகு குடுத்தியா?” என்று வெள்ளையன் பழக்கத்தில் பெருங்குரலில் கத்தினார்.

“எதுக்குக் கத்தறீங்க?” என்றார் அவர், மெதுவாக. “கேக்குது.”