மிக்ஸி மேல் போட்ட பழி

என் சமையலறையில் நடப்பது பாதிக்கு மேல் அடிதடிதான். தேங்காயின் மண்டையைப் பிளக்க வேண்டும், மீனின் செவுளைப் பிடுங்க வேண்டும், பூண்டை நசுக்க வேண்டும், நண்டின் காலை முறிக்க வேண்டும். இதையெல்லாம் சிரித்த முகத்தோடு, நகப்பூச்சு கலையாமல் செய்துகாட்டுகிற டிவி பெண்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிருள்ள நண்டு ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அதனால் ஒரு சாமானை நான் எடை போடுவது ஒரே கேள்வியில்தான். கொடுத்த வேலையை அடித்து முடிக்குமா, முடிக்காதா? கயிறு இழுத்துக் காய் நறுக்கும் டப்பா ஒன்று வாங்கினேன். வெங்காயத்தை நறுக்கச் சொன்னால் குதறி வைத்தது. மூன்றாம் நாள் கயிறு அறுந்தது, அன்றைக்கே அதைச் சுவரில் அடித்து நொறுக்கினேன். இண்டக்‌ஷன் அடுப்பு ஒரு தொடைநடுங்கி. மண்சட்டியை வைத்தால் கீ கீ என்று கத்தும், கரண்ட் போனால் மூச்சை விட்டுவிடும். எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் பெட்டியில் வைத்த சங்கரா மீனை ஒரு வீட்டில் தின்றேன். அந்த மீன் பாவம், இரண்டு தடவை செத்திருக்கிறது.

குக்கரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அது ஒருமுறை வெடித்தது, ஆனால் தப்பு எங்களுடையது. மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு கசிந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். இரும்புத் தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வளைத்துக் கொடுக்கும் மெஷின் அது. அவர் வால்வைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு போல்ட்டைத் திருகி, "இனிமே ஒழுகாது" என்றார். ஒழுகவில்லை. பத்தாம் நாள் விசில் துளையில் பருப்புத் தோல் அடைத்து, மூடி பறந்துபோய்க் கூரைத் தகட்டில் மோதியது. என் கழுத்தில் வெந்த பருப்பு விழுந்த இடம் இன்றும் சுருங்கிக் கிடக்கிறது. அவர் தரையைத் துடைத்துக்கொண்டே, "கம்பெனில எல்லாம் இப்டித்தான் பண்ணிக்கினு கீறோம். ஒண்ணும் ஆவறதில்லையே" என்றார்.

கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது அச்சுக்கு அடியில் கை இருக்க முடியாது அல்லவா, அதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. ஆகவே ஒரு பட்டனில் ரப்பர் துண்டை வைத்து அழுத்தி, மேலே டேப் சுற்றிவிடுவார்கள். ஒரு கை மற்ற பட்டனை அடிக்கும், இன்னொரு கை தகட்டை வைத்து வைத்து எடுக்கும். சூபர்வைசர் பார்ப்பார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆடிட் வருகிற அன்று மட்டும் டேப்பை உரிக்கச் சொல்வார்.

அதே கம்பெனி வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. விபத்து இல்லாமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று தினமும் எண்ணை மாற்றுவார்கள். நூறு நாள் ஆனால் எல்லாருக்கும் ஹாட்பாக்ஸ், இருநூறுக்குக் குக்கர், முந்நூறுக்கு மிக்ஸி. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள், ஆகவே பாதி வீட்டில் ஒரே நிற ஹாட்பாக்ஸ்தான். விரல் கிழிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு ஷிப்டை முடித்துவிட்டு வருவார்கள். யாராவது ஒருவன் வலி பொறுக்காமல் கம்பெனி நர்ஸிடம் போய்விட்டால், அவன் பெண்டாட்டியோடு ஒரு வாரத்துக்குத் தெருவே பேசாது. பேசாதவர்களில் நானும் ஒருத்தி. சொல்லப்போனால் நான்தான் முதல் ஆள்.

எனக்கு அந்த மிக்ஸி வேண்டியிருந்தது. என் பழைய மிக்ஸி அரிசி மாவுக்கே புகை விட ஆரம்பித்திருந்தது. போர்டில் இருநூற்று ஐம்பது ஆனதும் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, பேப்பர் விரித்து வைத்தேன். "இன்னிக்கு எவ்ளோ?" என்று அவர் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பேன்.

இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்றாம் நாள், பூண்டு மிளகாய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கம்பெனி ஜீப் வாசலில் வந்து நின்றது. சூபர்வைசர் இறங்கி, "சின்ன அடிதான் சிஸ்டர், ஏறுங்க" என்றார். பின்சீட்டில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வலது கையில் மெஷின் துடைக்கும் துணியைச் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர் கட்டியிருந்தது. கவருக்குள் ரத்தம் பாதி அளவுக்குத் தேங்கி, ஜீப் குலுங்கும்போதெல்லாம் அலம்பியது.

"டாக்டர் கேட்டா வூட்ல மிக்ஸில வுட்டுக்கினார்னு சொல்லிடுங்க. மெஷின்னு எழுதிட்டாங்கன்னா பட்டனைக் கட்டினது யாருன்னு கேள்வி வரும். கட்டினது இவருதான். வேலை பூடும்" என்றார் சூபர்வைசர்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். உதடு வெளுத்துப்போயிருந்தது. "சொல்லிடு. ஒம்போது நாள்தான் கீது" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன ஞாபகம் வந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். பேப்பர் விரித்து வைத்த அலமாரித் தட்டு ஞாபகம் வந்தது. இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே நாலு அறை வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் போகும் ரோட்டில் இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியைப் பிரித்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தட்டையாகிக் கிடந்தன. நகம் எங்கே, எலும்பு எங்கே என்று தெரியவில்லை.

"இன்னாமா ஆச்சு?"

"மிக்ஸில வுட்டுட்டார் சார்."

"எந்த ஜாரு?"

"சட்னி ஜாரு."

டாக்டர் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். "மிக்ஸி வெட்டும்மா, நசுக்காது. இந்தப் பக்கத்து மிக்ஸிங்க மட்டும்தான் எலும்பைத் தோசையா வார்க்குது" என்று சொல்லிவிட்டு, மிக்ஸி என்றே எழுதிக்கொண்டார். இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

இருபது வருடமாக மிக்ஸியில் அரைக்கிறேன். ஜார் பூட்டில் உட்காராமல் அது ஓடாது, பிளக்கைப் பிடுங்காமல் நான் உள்ளே விரலை விட்டு வழித்ததில்லை. வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே சாமான் அதுதான். அதன் மேல் ரத்தப்பழியைப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஜாரில் பாதி அரைத்த சட்னி சிவப்பாக அப்படியே இருந்தது. வாந்தி எடுத்தேன்.

முந்நூறாம் நாள் மிக்ஸி வந்தது. பெட்டியிலும் ஜாரிலும் 'விபத்தில்லா முந்நூறு நாள்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நல்ல மிக்ஸி, அதில் பொய் சொல்ல மாட்டேன். கொப்பரையைக்கூட வெண்ணெயாக அரைத்தது. நானும் அதில் தினமும் அரைத்தேன், அவரும் அந்தச் சட்னியைத் தின்றார்.

அவரை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வலது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடது கையில் ஸ்பூனால் சாப்பிடப் பழகினார். எனக்குச் சமையலறையில் பிடிக்கவே பிடிக்காத சாமான் எது என்று கேட்டால் அந்த ஸ்பூன்தான். நண்டுக் குழம்பு என்றால் அவர் உயிரை விடுவார். ஒரு காலை எடுத்து முறித்து, ஓட்டைப் பிளந்து, சதையை உருவி, கடைசித் துளி வரைக்கும் உறிஞ்சித் தின்கிற மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரத்தில் நண்டு வாங்கிவந்து, நானே ஓடெல்லாம் உடைத்துச் சதையை மட்டும் தட்டில் வைத்தேன். அவர் பார்த்தார். இடது கையால் தட்டைத் தூக்கி என் தலைக்கு மேல் வீசினார். சுவரெல்லாம் குழம்பு.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நண்டு நசுக்கிய இரும்பு உலக்கை கையிலேயே இருந்தது, ஓங்கிவிட்டேன்.

அவர் நகரவில்லை. வலது கையை எடுத்து மேஜை மேல் விரித்து வைத்தார். "அடி. இன்னும் மூணு கீது" என்றார்.

உலக்கையைப் போட்டுவிட்டுச் சுவரைத் துடைத்தேன். அதற்குப் பிறகு நண்டு வாங்கவில்லை.

எட்டு மாதம் போனது. ஒரு நாள் காலை, இரண்டு வீடு தள்ளி இருக்கிற பெண் ஓடிவந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண், அவள் புருஷனும் அதே கம்பெனிதான். தெருமுனையில் அதே ஜீப் நின்றது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, டாக்டராண்ட எந்த ஜாருன்னு சொன்னீங்கோ?"

கதவைப் பிடித்துக்கொண்டேன். "அவனுக்கு இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"உள்ளங்கையோட பூடுச்சாம்கா. உங்க வூட்டுக்காரர் ஓட்டின மெஷின்லதான் வுட்டிருந்தாங்க."

அதே மெஷின். அதே பட்டன். என் வீட்டுக்காரர் சுற்றிய டேப்பைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. மெஷின் என்று நான் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவிழ்த்திருப்பார்கள். அந்தப் பையனின் கையை நசுக்கியதில் எனக்கும் பங்கு இருந்தது. அது அப்போதே, அந்த வாசற்படியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே போய் மிக்ஸியிலிருந்து சட்னி ஜாரைப் பிடுங்கினேன். உள்ளே இருந்த தேங்காயைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கழுவாமலே எடுத்துக்கொண்டு அவளோடு ஜீப்பில் ஏறினேன். "நீங்க எதுக்கு சிஸ்டர்?" என்றார் சூபர்வைசர். "வாயைத் தொறந்தேன்னா இந்த ஜாரு உன் மண்டைல எறங்கும்" என்றேன். பின்சீட்டில் அவள் புருஷன் முனகிக்கொண்டு வந்தான். அதே பிளாஸ்டிக் கவர், அதே துணி.

ஆஸ்பத்திரியிலும் அதே டாக்டர். "இன்னாமா ஆச்சு?" என்று அவளைக் கேட்டார். அவள் வாய் திறக்கும் முன்பே ஜாரை அவர் மேஜையில் ஓங்கி வைத்தேன். பேனா உருண்டு விழுந்தது. கையை மடக்கி ஜாருக்குள் திணித்தேன். மணிக்கட்டு வரைக்கும்கூடப் போகவில்லை. இன்னும் அழுத்தினேன், உள்ளே பிளேடு விரலில் கீறி ரத்தம் வந்தது.

"பொம்பள என் கையே போவல சார். அவன் உள்ளங்கை எப்டி சார் இதுக்குள்ள பூந்துச்சி?"

டாக்டர் ஜாரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "நீ சொல்லும்மா, உன் வாயால சொல்லணும்" என்றார். அவள் சூபர்வைசரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். "மெஷின்தான் சார்" என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

"அப்ப நீங்க அன்னிக்குச் சொன்னது?" என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"பொய் சார். அதுவும் அந்த மெஷின்தான். அதையும் எழுதிக்கோங்க."

போர்டு அறுநூறை நெருங்கிக்கொண்டிருந்தது. அறுநூறுக்கு வெட் கிரைண்டர் என்று பேச்சு. அது என்னால் போயிற்று என்று தெரு என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே, யாரை நோவது? என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். "டேப்பு சுத்தினது நான்தான். சுத்தச் சொன்னது யாருன்னும் கேளுங்க" என்றாராம். வேலை இன்னும் இருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. என்னோடு அவர் ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டாம் நாள் ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னார்.

"போர்டுல ஜீரோ போட்டுட்டாங்க."

"அந்தப் புள்ளைக்கா?"

"அவனுக்கும் எனக்கும்."

சாப்பாடு எடுத்து வைத்தேன். நண்டு இல்லை, வெறும் கத்தரிக்காய்க் கருவாட்டுக் குழம்பு. வழக்கம்போல ஸ்பூனையும் வைத்தேன். அவர் அதை எடுத்துத் தள்ளி வைத்தார். மேஜைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து, இருக்கிற மூன்று விரலால் சோற்றைப் பிசைந்தார். பாதி வாய்க்குப் போனது, பாதி மேஜையில் சிந்தியது. நான் துடைக்கவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.