சாவியக்கா வைத்த தூண்டில்

மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் லிப்டுக்கும் நடுவே ஒரு அறை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன ஜன்னல். கணினியின் கடவுச்சொல்லை மறந்தவர்கள், பெரிய டாக்டரானாலும் சரி, அந்த ஜன்னலுக்கு வந்துதான் ஆக வேண்டும். உள்ளே இருப்பவளுக்கு அதனால் சாவி என்று பெயர் விழுந்தது. வயதில் சின்னவர்களுக்குச் சாவியக்கா. அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

அவள் யாரையும் கடிந்துகொள்ள மாட்டாள். நேற்று மாற்றியதை இன்றைக்கே தொலைத்துவிட்டு வந்து நிற்பவரிடமும் "வாங்க" என்பாள். மகள் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்த டாக்டரிடம், பாப்பாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் சார் என்றாள். அவ்வளவுதான். ஜன்னலில் கூச்சப்பட வேண்டியதில்லை என்பது எல்லா வார்டுக்கும் தெரிந்திருந்தது.

ஒருமுறை எங்கிருந்தோ எவனோ மருத்துவமனையின் கணினிகளையெல்லாம் பூட்டிவிட்டான். திறப்பதற்கு நிபுணர்கள் வந்தார்கள். சாவியிடம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, டீ எங்கே கிடைக்கும் என்று. அந்த வருடமே அவள் சைபர் செக்யூரிட்டியில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவர். விஷயத்தைக் கேட்டதும் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "தாராளமா படி. என் போனை மட்டும் நோண்டாதே."

மாலை வகுப்பு. அவள் அந்த ஜன்னலுக்குள் வேலைக்குச் சேர்ந்தபோது உடன் படிப்பவர்களுக்குப் பல் முளைத்திருக்காது. வகுப்பில் எல்லாம் ஓரளவு பிடிபட்டது. ரகசியக் குறியீட்டுக் கணக்குதான் காலை வாரியது. பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகள் சாப்பாட்டு மேஜையின் மறுமுனையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு மேல அஞ்சு மணி நேரம் போனா கடிகாரத்துல எத்தனை மணிம்மா?"

"மூணு."

"அதேதான் இது. சும்மா பயமுறுத்துறாங்க."

இதற்கா இத்தனை பக்கம் என்று சாவிக்குப் புத்தகத்தின் மேல் கோபம் வந்தது. ஆனால் தேறிவிட்டாள்.

மிஞ்சியது ஆய்வுத் திட்டம். அது தேறினால்தான் பட்டம். தான் வேலை செய்யும் இடத்தையே எடுத்துக்கொண்டாள். ஊழியர்களுக்கு ஒரு போலி மின்னஞ்சல் அனுப்புவது, எத்தனை பேர் ஏமாந்து அதிலுள்ள இணைப்பைத் தொடுகிறார்கள் என்று பார்ப்பது. திட்டத்துக்கு நெறியாளராக இருந்த பேராசிரியை தலையசைத்தார். மருத்துவமனை நிர்வாகியும் அனுமதித்தார்.

தூண்டிலில் எதை வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். வெளியாளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் மனிதர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்பார்ப்பது ட்யூட்டி பட்டியலை. "உங்கள் வேண்டுகோளின்படி அடுத்த மாத ட்யூட்டி மாற்றப்பட்டுள்ளது. பார்க்க இங்கே தொடவும்" என்று எழுதினாள். தொட்டவர்களுக்குச் சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் திறந்தது. நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். அடியில், இது ஒரு சோதனை என்ற குறிப்போடு அவள் பெயர்.

ஏறக்குறைய எல்லாரும் தொட்டார்கள். திரையில் எண் ஏற ஏற அவளுக்குக் கை துறுதுறுத்தது. நெறியாளரிடம் காட்டியபோது, இப்படி ஒரு வரைபடம் தன் மாணவர்கள் யாரிடமும் வந்ததில்லை என்றார்.

மத்தியானம் சாப்பாட்டு அறைக்குப் போனாள். பேச்சு நின்றது. அறுவைச் சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸ், பல வருடங்களாக அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இடம் பிடித்து வைப்பவர், டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார். அவர் கணவர் இடுப்பு எலும்பு முறிந்து வீட்டில் படுத்திருந்தார். பகல் ட்யூட்டி கேட்டு நர்ஸ் எழுதிக் கொடுத்து வெகுநாளாகியிருந்தது.

"முதல்ல வீட்டுக்குத்தான் போன் பண்ணேன், தெரியுமா? மாத்திட்டாங்கன்னு சொல்லிட்டேன். அவர் அழுதுட்டார். அப்புறம்தான் தொட்டேன்."

சாவி கையிலிருந்த சாப்பாட்டுப் பையை மேஜையில் வைத்தாள்.

"எவனோ பண்ணியிருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். நீ பண்ணியிருக்கியே."

அன்றிலிருந்து ஜன்னலுக்கு ஆள் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. முதலில் கோபம் என்று நினைத்தாள். பிரிண்டரைப் பார்க்க வார்டுகளுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கணினித் திரைகளின் ஓரத்தில் மஞ்சள் காகிதங்கள், அவற்றில் கடவுச்சொற்கள். மறந்தால் அவளிடம் போய் நிற்க வேண்டுமே என்று எல்லாரும் எழுதி ஒட்டியிருந்தார்கள். பூட்ட வந்தவள் கதவுகளைத் திறந்து போட்டிருந்தாள்.

நெறியாளரிடம் போய், இந்த முடிவைக் கொடுக்க மாட்டேன் என்றாள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இது அப்படியே தேறிவிடும், புதிதாகத் தொடங்கி அது சொதப்பினால் பட்டம் கையை விட்டுப் போகும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். எல்லாம் அவளுக்கும் தெரிந்ததுதான்.

"எத்தனை பேர் ஏமாந்தாங்கன்னு எண்ணிட்டேன் மேடம். இனி சந்தேகம் வந்தா எத்தனை பேர் வந்து சொல்றாங்கன்னு எண்ணணும்."

"யாரும் வரலன்னா?"

"அதையும் எழுதுறேன்."

வார்டு வார்டாகப் போனாள். தப்பு என்னுடையது, இனிமேல் தூண்டில் கிடையாது, சந்தேகம் வந்தால் போன் பண்ணுங்கள், தொட்டுவிட்டாலும் பண்ணுங்கள், யார் என்று மேலே சொல்ல மாட்டேன் என்றாள். நிர்வாகியிடமும் அதற்குச் சம்மதம் வாங்கியிருந்தாள். தலைமை நர்ஸ் ஊசிகளை எண்ணிக்கொண்டே காதில் வாங்கினார். எண்ணி முடித்து வேறு டப்பாவை எடுத்தார்.

போன் ஊமையாகவே கிடந்தது. கணவர் தினமும் சாயங்காலம் அவள் முகத்தைப் பார்ப்பார், கேட்க மாட்டார். ஒரு நாள் பொறுக்காமல், "பேசாம நானே ஒரு தடவை கூப்பிடட்டுமா?" என்றார். அவள் சிரித்துவிட்டாள். அந்த மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மணி அடித்தது. ஆக்சிஜன் கம்பெனி பெயரில் மின்னஞ்சலில் ஒரு பில் வந்திருக்கிறது, திறக்கச் சொல்கிறது.

"சாவி, இதுவும் உன் கைங்கரியமா?" தலைமை நர்ஸின் குரல்.

"இல்லக்கா. சத்தியமா இல்ல. தொடாதீங்க."

"தொடல. அதான் கேக்குறேன்."

அந்தக் குரலே அடுத்த வார்டுகளுக்கும் போன் போட்டிருக்க வேண்டும். வரிசையாக மணி அடித்தது. நடுவில் லேப்காரர் படிக்கட்டில் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அக்கா, நான் தொட்டுட்டேன்." அவள் எதுவும் கேட்கவில்லை. அவரோடு ஓடிப்போய் அந்தக் கணினியின் கம்பியைப் பிடுங்கினாள். பரவத் தொடங்கிய வினை ஒரு மேஜையோடு நின்றது.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், தொட்டது ஒருவர்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறாய் என்று மடக்கினார். அவரே ஓடிவந்து சொன்னார் சார் என்றாள். அதுவா ஆதாரம் என்றார். அந்தச் செவ்வாய்க்கிழமையே எல்லாக் கணினிகளையும் சோதித்து எழுதிய பக்கங்களை அவர் முன்னால் தள்ளினாள். அவர் வெகுநேரம் புரட்டினார். நெறியாளர் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேர்ச்சி என்ற செய்தி வந்தபோது மகள் பள்ளியில் இருந்தாள். கணவர்தான் கடையில் எல்லாரிடமும் சொல்லி, அது என்ன படிப்பு என்று கேட்டவர்களிடம் மாட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் நிர்வாகி அடுத்த மாத ட்யூட்டி பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பினார். ஒருவரும் திறக்கவில்லை. மத்தியானம் அவரே ஜன்னலுக்கு வந்து, நான் அனுப்பியது நான் அனுப்பியதுதான் என்று நீயாவது சொல்லு என்று கேட்டுக்கொண்டார். சாவி ஒவ்வொரு வார்டுக்கும் போன் போட்டாள்.

சற்று நேரத்தில் ஜன்னலில் நிழல் விழுந்தது. தலைமை நர்ஸ்.

"பட்டியல்ல எனக்குப் பகல் ட்யூட்டின்னு சொல்றாங்க. திறந்து பாக்கலாம்னா பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூட மறந்ததில்லை. சாவி நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"வாங்கக்கா," என்றாள். "உள்ள வந்து உக்காருங்க."