நாய்க்கு நன்றி சொன்ன பாட்டு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அன்று சனிக்கிழமை காலை, நாங்கள் குடியிருக்கும் வெரிபீயின் சமூக மண்டபத்தில் நடக்கும் நடன உடற்பயிற்சி வகுப்பில், இரண்டாவது வரிசையில் கையை மேலே தூக்கியபடி நின்ற எனக்கு இரண்டு காதும் கொதித்தன. பயிற்சி தரும் பெண் போட்ட பாட்டில் பாடிக்கொண்டிருந்தது நான். இருபது பெண்கள் என் குரலுக்குக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் குதித்தவர் கோயம்புத்தூர்க்காரர், எங்கள் தெருவில் புதிதாக வீடு கட்டி வந்தவர். இது என்னுடைய குரல் என்று அவரிடம் சொன்னேன். அவர் மூச்சு வாங்கச் சிரித்தார். "ஆமாங்க, எனக்கும் இந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

பாட்டு முடிந்ததும் பயிற்சி தருபவரிடம் போய், ஒன்றும் தெரியாதவள் போல், இதைப் பாடியது யார் என்று கேட்டேன். அவர் கைப்பேசியைப் பார்த்து ஒரு டிஜேயின் பெயரைச் சொன்னார். அது ஆணின் பெயர். பாடுவது பெண் அல்லவா என்றேன். அவர் மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தார், மறுபடியும் அதே பெயரைச் சொன்னார். பிறகு எனக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டார்.

இந்தப் பதில் எனக்குப் புதிதில்லை. மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டண்டினொங்கில் சாலட் இலை பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். குளிர்பதன அறை, கையில் இரண்டு சோடி கையுறை, தலைக்கு வலை. நாள் முழுவதும் வானொலியில் கிளப் பாட்டுகள் ஓடும். மெஷின் இரைச்சலில் மேற்பார்வையாளர் கத்துவது கேட்காது, ஆனால் அந்தப் பெண்களின் குரல் கேட்கும். டும் டும் என்று ஒரே அடி நாலு நிமிடம் அடித்துக்கொண்டிருக்க, அதன் மேல் ஒருத்தி ஏறி நின்று தொண்டையைத் திறப்பாள். எனக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. அவர்களிடம்தான் கற்றேன். என்னை விட்டுப் போகாதே, என்னை உயரத் தூக்கு, எனக்கு இன்னும் வேண்டும். தபால் கந்தோருக்குப் போய்ப் பேச இந்த ஆங்கிலம் உதவவில்லை என்பது வேறு விஷயம்.

யார் பாடுவது என்று மேற்பார்வையாளரிடம் கேட்பேன். அவர் ஒரு ஆணின் பெயரைச் சொல்வார். இசை யார் என்று கேட்கவில்லை, பாடுவது யார் என்பேன். அவர் தோளைக் குலுக்குவார். பாட்டு முழுவதும் வாயே திறக்காத ஆம்பிளைக்குப் பெயர் இருந்தது. வயிற்றைக் கிழித்துக்கொண்டு பாடியவளுக்கு இல்லை. பிற்பாடு கையில் நல்ல கைப்பேசி வந்தபோது அந்தப் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். சிலவற்றில் அந்தப் பெண்களின் பெயர் எங்கேயோ மூலையில் இருந்தது. பலவற்றில் இல்லவே இல்லை. ஒரு பாட்டில் பாடியவர் ஒருவர், வீடியோவில் வாயசைத்தவர் இடுப்புச் சிறுத்த இன்னொருவர். பெயர் கிடைத்தவர்களில் பலர் என்னைப் போலவே தேவாலயப் பாடகர் குழுவில் நின்று தொண்டையை வளர்த்தவர்கள் என்று படித்தபோது மனம் கொதித்துவிட்டது. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. அதனால்தான் மாதா திருவிழா முடிந்து, கோயில் வாசலில் கஞ்சிக் கோப்பையோடு நின்ற என்னிடம் அந்தத் தம்பி வந்து, "அக்கா, எனக்கு ஒரு நாலு வரி பாடித் தருவீங்களோ? பத்து நிமிஷ வேலைதான்" என்று கேட்டதும் உச்சி குளிர்ந்து போனேன். தம்பி யாழ்ப்பாணத்துக் குடும்பம், கைக்குழந்தையாக இங்கே வந்தவன். கிளேட்டனில் படித்துக்கொண்டு, வாடகை வீட்டுக் கராஜில் ஒலிப்பதிவு அறை வைத்திருந்தான். பிறந்தநாள், கல்யாணம் என்று டிஜே வேலைக்கும் போவான்.

பத்து நிமிஷம் நாலு சனிக்கிழமை ஆனது. வெரிபீயிலிருந்து ரயிலில் நகரத்துக்கு வந்து, மாறி, கிளேட்டன் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பையன் நூடில்ஸில் உயிர் வாழ்கிறான் என்று தெரிந்ததும் இடியப்பமும் சொதியும் இறால் குழம்பும் கட்டிக்கொண்டு போனேன். கராஜ் சுவரில் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தான். குளிர்காலக் கோட்டுகள் தொங்கும் அலுமாரியைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுப் பாடச் சொன்னான், எதிரொலி வராதாம். கோட்டுகளில் பூச்சி மருந்து மணம். நாலு வரியும் அவன் எழுதியவை. நல்லாயிருக்கு என்று சொன்னேன், பொய்தான்.

மெட்டும் சோர்ந்த மெட்டு. நான்தான் அதை இழுத்து நிமிர்த்தினேன். மூன்றாவது சனிக்கிழமை தொண்டை குளிரில் இறுகிக்கிடந்தது. அதை இளக்குவதற்காக, அடி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லில்லாமல் கீழிருந்து மேலே ஒரு இழுப்பு இழுத்தேன். உச்சியில் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே திரும்பவும் பிடித்து இறக்கினேன். மன்னிச்சுக்கொள் தம்பி, அழித்துவிடு என்றேன். அவன் கதிரையிலிருந்து எழும்பிவிட்டான். அழிக்கமாட்டேன் அக்கா, இதுதான் பாட்டு என்றான். அது உண்மை. இன்றைக்கு எல்லாரும் அந்தப் பாட்டில் அவனுடைய நாலு வரியையா பாடுகிறார்கள்? அந்த இழுப்பைத்தான் பாடுகிறார்கள், உடைகிற இடத்தில் தாங்களும் உடைத்து.

பாட்டு வெளியான அன்று இணைப்பை அனுப்பினான். குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே திறந்தேன். பாட்டின் அட்டைப் படத்தில், நீல வெளிச்சத்தில் அவனுடைய மேடைப் பெயர். கீழே பொடி எழுத்தில் ஒரு பட்டியல். இசை, ஒலிக்கலவை, இறுதி மெருகு, அட்டை வடிவமைப்பு, எல்லாவற்றுக்கும் ஆள் பெயர் இருந்தது. எந்தக் கம்பெனிக் கீபோர்ட் என்றுகூட இருந்தது. கடைசியில் நன்றி: பெற்றோர், நண்பர்கள், பிறகு ஒரு பெயர், பக்கத்தில் நாய்ப் பாதப் படம். அது அவனுடைய வீட்டு நாய். ஒலிப்பதிவின்போது குரைத்துக் குரைத்து என்னை எட்டுத் தரம் திரும்பப் பாட வைத்த நாய். குரல் என்று ஒரு வரி இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் மேலிருந்து கீழே வாசித்தேன். இல்லை.

கணவரிடம் காட்டினேன். "இஞ்சேரும், சின்னப் பிள்ளையள்தானே, விடும்" என்றார். அவருக்கு நான் இருபத்திரண்டு வருடமாக இஞ்சேரும்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மகளிடம் காட்டினேன். பதினேழு வயது, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். "மம், நோபடி ரீட்ஸ் கிரெடிட்ஸ்" என்றாள். யாரும் வாசிக்காத பட்டியலில் நாயின் பெயர் எதற்கு என்று கேட்டேன். அவள் அறைக்குப் போய்விட்டாள்.

நீ உடனே அவனிடம் கேட்டிருக்கலாமே என்று யாராவது கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும், ஏனென்றால் அது சரியான கேள்வி. நான் கேட்கவில்லை. வாய்க்கு வாய் அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளையோடு சண்டைக்குப் போவது எங்கள் வளர்ப்பில் இல்லை. அவனுக்கே ஒரு நாள் தெரியவரும், என் பெயரைப் போடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதற்குள் பாட்டு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கார்களில், கடைகளில், கடைசியில் அந்த உடற்பயிற்சி வகுப்பில். இப்போது வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நான் குளிப்பாட்டும் அம்மையாரின் பேத்தி ஒரு நாள் அதை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

பொறுமை உடைந்தது டண்டினொங் மண்டபம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கணவரின் ஒன்றுவிட்ட தம்பியின் மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையானதற்கான சடங்கு. முன்னூறு பேர் இருக்கும். பிள்ளையைப் பல்லக்கில் வைத்துப் புகை நடுவே கொண்டுவந்தார்கள். அந்த வரவுக்குப் போட்ட பாட்டு எங்கள் பாட்டு. டிஜே மேசையில் நின்று ஓட்டியது அதே தம்பி. என் இழுப்பு வந்த இடத்தில் இளசுகள் எல்லாம் கையை உயர்த்திக் கூடவே பாடின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லக்கூடாது. அந்த நேரம் பார்த்து, நிகழ்ச்சியை நடத்தியவர் மைக்கைப் பிடித்து, எங்கட பிள்ளை இசையமைச்சுப் பாடின பாட்டு, பலத்த கரகோஷம் தாங்கோ என்றார். தம்பி சிரித்துக் கையசைத்தான். இல்லை, பாடியது நானில்லை என்று அவன் சொல்லவில்லை.

பிள்ளையை மணவறை மேடையில் இருத்திச் சடங்கு தொடங்கும்வரை பொறுத்தேன். பிறகு நேரே அவனுடைய மேசைக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டான், சாப்பிட்டீங்களோ அக்கா என்று கேட்டான். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

"பாடினது ஆர் தம்பி?" என்றேன்.

நீங்கள்தான் அக்கா, அது எல்லாருக்கும் தெரியுமே என்றான். எல்லாருக்கும் என்றால் யாருக்கு என்று கேட்டேன். அவன் மண்டபத்தைப் பார்த்தான். பிறகு விளக்கத் தொடங்கினான். கிளப் இசையில் குரல் என்பதும் ஒரு இன்ஸ்ட்ருமென்ட் மாதிரித்தான், வெட்டி, ஒட்டி, உயர்த்தி, தாழ்த்தி வேறொன்றாக ஆக்குவது, உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள் என்றான். உலகம் முழுக்க என்பது எனக்குத் தெரியும். அந்த உலகத்தின் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் நான் எட்டு வருடம் பொதி மேசையில் நின்றேன்.

"கீபோர்டின்ர பேர் போட்டிருக்கிறாய். அதுவும் இன்ஸ்ட்ருமென்ட்தானே" என்றேன். "சரி, நாய் என்ன வாசிச்சது?"

அவன் முகம் சிவந்துவிட்டது. உடனே மாற்றுகிறேன் அக்கா, இப்பவே என்று கைப்பேசியை எடுத்தான். பாட்டின் பக்கத்தைத் திறந்தான். பட்டியலில் ஒரு புது வரி சேர்த்தான், குரல் என்று தட்டினான். அதோடு விரல் நின்றது. என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். தொடர்பு எண்களுக்குள் போய்த் தேடினான். பக்கத்தில் நின்றதால் எனக்கும் தெரிந்தது. என் இலக்கத்துக்கு மேலே "சேர்ச் அக்கா", கோயில் அக்கா, என்று மட்டும் இருந்தது.

"அக்கா," என்றான், குரல் இறங்கிவிட்டது. "உங்கட பேர் என்ன?"

நாலு சனிக்கிழமை என் சாப்பாட்டைச் சாப்பிட்டவன். பாடிக்கொண்டிருக்கும்போது என் மூச்சு எங்கே முடியும் என்று எண்ணத் தெரிந்தவன். அவன் மேல் வந்த கோபம் அவனைத் தாண்டிப் போய்விட்டது. பாடகர் குழுவில் நிற்பதால் கோயிலில் நான் கொயர் அக்கா. முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்யும் பொடியளுக்கு அன்ரி. இந்த மண்டபத்தில் இன்னாரின் மனைவி, இன்னாளின் அம்மா. பெயர் சொல்லாமல் இருப்பதற்கு எங்களிடம் எத்தனை மரியாதையான சொற்கள். அந்த மரியாதை எனக்கு அந்த நிமிடத்தில் குமட்டியது.

கைப்பேசியை அவன் கையிலிருந்து வாங்கி நானே தட்டினேன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரும் அப்பாவின் பெயரும், முழுதாக. சேமித்துவிட்டு நீட்டினேன். இனி மைக்கை எடுத்து, பாடியது யார் என்று சொல்லு என்றேன். சடங்கு முடியட்டும் என்றான். சரி, முடிந்ததும் சொல்லு என்றேன். அவன் தயங்கினான்.

"வெறும் பேரை எப்பிடி அக்கா சொல்லுறது? மரியாதை இல்லாத மாதிரி இருக்கும்."

"மரியாதை போதும். பேரைச் சொல்லு."

என் மேசைக்குப் போய் இருந்தேன். ஆரத்தி முடிந்து சாப்பாடு தொடங்கியது. கணவர் தட்டோடு வரிசையில் நின்றார். தம்பி பாட்டை நிறுத்தினான், தொண்டையைச் செருமினான். பிள்ளை வந்தபோது போட்ட பாட்டைப் பாடியது தானில்லை என்றான். நாக்கு எழும்பாமல் தவிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னான். அக்கா இல்லாமல், அன்ரி இல்லாமல், என் முழுப் பெயரை மைக்கில் சொன்னான், இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார் என்றும் சொன்னான்.

ஒருவரும் கைதட்டவில்லை. முன்னூறு பேரும் அது யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாப்பாட்டு வரிசையில் நின்ற என் கணவரும் கையில் தட்டோடு திரும்பி, வாசல் பக்கமெல்லாம் பார்த்தார்.

நான் கையை உயர்த்தினேன்.