துறைமுகத்தில் பன்னிரண்டு இட்லி

1996 அக்டோபர் 12, சனிக்கிழமை, காலை 11.50. மேகமூட்டம், ஆற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று. நியூயார்க் துறைமுகச் சாலையோரம், மகனின் காரில் இட்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பயணிகள் கப்பல் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அதன் சலவைக்கூடத்தில்தான் என் தங்கை மகனுக்கு வேலை.

தூத்துக்குடியிலிருந்து தங்கை போனில் சொல்லியிருந்தாள்: "அண்ணே, அவனப் பாத்துப் பதினோரு மாசமாச்சு. வயிறு நெறய சாப்பிடுதானான்னு பாருங்க. எத்தன இட்லின்னு எண்ணிச் சொல்லணும்."

வீட்டில் அவன் கணக்கு பன்னிரண்டு. ஒன்று குறைந்தாலும் தங்கை அழுவாள். பதினெட்டு கொண்டுவந்திருந்தேன்.

"அப்பா, இது நோ ஸ்டாண்டிங் ஸோன், வண்டிய நிறுத்தவே கூடாது. உள்ள ஆள் இருந்தா ஃபைன் டிக்கெட் போட மாட்டான். இறங்கிடாதீங்க, காபி வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மகன் போனான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மகன் குடியிருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் நம்மவர்கள் பலரும் நம்பும் சாஸ்திரம் இது. ஊரிலிருந்து வந்த பெற்றோரை இதற்காகவே காரில் உட்கார வைப்பார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணாடியில் ஏழு முறை பின்னால் பார்த்தேன்.

12.04க்கு மருமகன் ஓடிவந்து பின் சீட்டில் ஏறினான். கன்னம் ஒட்டியிருந்தது.

"12.40க்கு நா கேட்டுக்குள்ள நிக்கணும் மாமா. பிந்துனா அடுத்த தடவ வெளிய விட மாட்டான்."

காலையில் ஒரு கூட்டம் இறங்கி, மதியத்துக்குமேல் அடுத்த கூட்டம் ஏறுமாம். அதற்குள் எல்லாக் கட்டிலுக்கும் விரிப்பு மாற்றியாக வேண்டும்.

"எத்தனை விரிப்புடா?"

"நாலாயிரம் இருக்கும் மாமா. டவலுக்குக் கணக்கே கிடையாது."

"கணக்கில்லாம எப்படி? காணாமப் போனா?"

"போவத்தான் செய்யும். பாசஞ்சர் பெட்டிக்குள்ள போவும்."

ஏழாவது இட்லியில் ஜன்னலைத் தட்டினார் ஒரு போக்குவரத்துக் காவல் பெண்மணி. வண்டியை எடுக்கச் சொன்னார். எனக்கு ஓட்டத் தெரியாது, மகன் வந்துவிடுவான் என்றேன். இரண்டு நிமிடம் என்று விரலைக் காட்டினார்.

மருமகன் தட்டைக் கீழே வைத்தான். "அத்தான் எந்தக் கடைக்குப் போனாங்க? ஓடிப் போய்க் கூட்டிட்டு வாரேன்."

மணி 12.21. போனால் திரும்பிவந்து சாப்பிட நேரம் இருக்காது.

"உக்காருடா. எழுதட்டும். உனக்கு இன்னும் அஞ்சு பாக்கி."

இரண்டு நிமிடம் கழிந்து டிக்கெட் எழுதத் தொடங்கிய அந்த அம்மாளிடம் அவன் ஜன்னல் வழியாக ஒரு இட்லியை நீட்டினான். சிரித்தார், எழுதுவதை நிறுத்தவில்லை. அந்த இட்லியையும் அவனே தின்றான்.

பன்னிரண்டாவது 12.33க்கு முடிந்தது. மடியில் விரித்திருந்த துண்டை மூன்றே அசைவில் சதுரமாக மடித்தான். அதே வேகத்தில் டிக்கெட்டையும் மடித்து என் சட்டைப் பையில் செருகினான்.

"நா போனப்புறம் அத்தான்ட்ட குடுங்க மாமா."

மீதி ஆறை டப்பாவோடு எடுத்துக்கொண்டு ஓடினான். 12.38க்குக் கப்பல் வாசலில் திரும்பிக் கையாட்டினான்.

கடையில் நீண்ட வரிசையாம், மூன்று காபியோடு மகன் அப்போதுதான் வந்தான். டிக்கெட்டை நீட்டினேன். "உள்ள ஆள் இருந்துமா போட்டான்?"

"ரெண்டு ஆள் இருந்தோம்" என்றேன்.

தூத்துக்குடியில் விடிந்ததும் தங்கையைக் கூப்பிட்டேன்.

"பன்னிரண்டு."

"எனக்காகச் சொல்லலியே அண்ணே?"

"போலீஸ் நேரம் போட்டுக் குடுத்த ரசீதே இருக்கும்மா."

டிக்கெட் 55, ஆற்றடிச் சுரங்கப்பாதைக் கட்டணம் 4, காபி 3, நான்கு நிமிட போன் 4. ஆக மொத்தம் அறுபத்தாறு டாலர்.