முக்தாபென் தீர்க்காத வழக்கு

பழைய நகரத்துச் சந்தான எங்கள் தாடம் போளில் சண்டை போட்டுவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. முக்தாபென் விடமாட்டார். அப்பளம்போல மொறுமொறுப்பான காக்ரா ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும் அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கையைப் புடவையில் துடைத்தபடியே வந்து நடுவில் நிற்பார். புருஷன் பெண்டாட்டி, மாமியார் மருமகள், குழாயடி, சாக்கடையடி என்று எந்தச் சண்டையானாலும் சரி. அழைப்பு எதுவும் தேவையில்லை.

அவருடைய பஞ்சாயத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். அடுத்தவர் செய்த தப்பைச் சொல்லக் கூடாது, தான் செய்த தப்பை மட்டும்தான் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், நின்று பார்த்தால் தெரியும். என் வீட்டுக்காரர் ஒருமுறை அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் நின்றார். கடைசியில் "நான் கொஞ்சம் சத்தமா பேசிட்டேன்" என்று முனகினார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் தப்பைச் சொன்னதும், எங்கள் பக்கத்து நிச்சயதார்த்தத்தில் கொடுப்பதுபோல வெல்லமும் கொத்தமல்லி விதையும் வாயில் போடுவார். அதை மென்றுகொண்டே யாராலும் கத்த முடியாது.

நான் அவருக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறேன். பெயர் ஜாக்ருதி. ரவிக்கை தைக்கிறேன். வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். தெருவில் நடப்பதெல்லாம் என் கண்ணில் விழுந்தால் அது என் குற்றமில்லை.

ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்து வைத்த முக்தாபென்னுக்குத் தன் வீட்டுச் சண்டை ஒன்று மட்டும் அப்படியே கிடந்தது. ஓர்ப்படி தருபென்னோடுதான் அது. அண்ணன் தம்பி இருவரும் உயிரோடு இருந்தபோதே வீட்டை இரண்டாகப் பிரித்து, நடு முற்றத்தில் ஒரு சுவர் எழுப்பிவிட்டார்கள். அதனாலெல்லாம் பகை வரவில்லை. பெண்கள் இருவரும் சுவருக்கு மேலாகக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். முக்தாபென்னின் கணவர் இறந்த அதே வருஷத்தில் தருபென்னின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மூத்த ஓர்ப்படியை நேரில் வந்து அழைக்க வேண்டும். தருபென் வரவில்லை. யாரோ சித்தப்பா முறைக்காரரிடம் சொல்லி அனுப்பினார். முக்தாபென் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. பிறகு தருபென்னின் கணவரும் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு முக்தாபென் வந்தார், தலையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார், எழுந்து போனார். ஒரு வார்த்தை கிடையாது.

எல்லாருக்கும் நடுவில் நிற்கிறவருக்கு நடுவில் யார் போய் நிற்பது? எங்களில் யாருக்கும் அந்தத் துணிச்சல் இல்லை. நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த வருஷம் விஷயம் முற்றிவிட்டது. தருபென் தன் பாதியை விற்கப் போகிறார் என்று செய்தி. மகன் மௌலிக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் இருக்கிறான். அம்மாவை வா வா என்கிறான். வாங்கப் போகிறவர் பிளாஸ்டிக் குழாய் வியாபாரி. குடியிருக்க இல்லை, சரக்கு அடுக்கி வைக்க. எங்கள் போளில் ஏற்கெனவே பாதி வீடுகள் அப்படித்தான் ஆகிவிட்டன. சாயங்காலம் விளக்கு ஏற்ற ஆளில்லாமல் இரும்பு ஷட்டர் தொங்குகிறது. தெருக்கலை விழா முடிந்த மறுநாள் அந்த வியாபாரி வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

"சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் வரப் போகுதாமே?" என்று முக்தாபென்னிடம் கேட்டுப் பார்த்தேன்.

"குழாய் வந்தா என்ன? குழாயும் பேசாது, இப்ப இருக்கறவளும் பேசறதில்ல. எனக்கு என்ன வித்தியாசம்?" என்றார். சொன்ன வேகத்தில் ஒரு காக்ராவைக் கருக விட்டார். அவர் காக்ரா கருகி நான் பார்த்ததில்லை.

விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் குளிர் எட்டிப் பார்க்கும் சமயத்தில் பழைய நகரத்துத் தெருக்களில் நடக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கூட்டம் மொத்தமும் எங்கள் சந்துக்குள் நுழையும். நாங்கள் தினமும் உதைத்துத் திறக்கும் கதவுகளைக் குனிந்து குனிந்து படம் எடுப்பார்கள். போன வருஷம் ஒருத்தி என் துணிக்கொடியைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்று உருகினாள். கொடியில் தொங்கியது என் வீட்டுக்காரரின் ஓட்டை பனியன். ஆனாலும் அந்த நாட்களில் போள் உயிரோடு இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பூட்டிய வீடுகளைத் திறப்பார்கள், ஒட்டடை அடிப்பார்கள், மாடி ஜன்னல்களில் விளக்கு வைப்பார்கள். ஒரு வாரத்துக்கு எங்கள் தெரு கல்யாண வீடுதான்.

இந்த வருஷம் எங்கள் போளுக்கு ஒரு நாடகக் குழு வந்தது. மேடை கிடையாது, திரை கிடையாது, அறிவிப்பும் கிடையாது. பூட்டிக் கிடக்கும் கோடி வீட்டு வாசலில் புதிதாகக் குடிவந்த தம்பதிபோல இரண்டு பேர் சண்டை போடுவார்கள், வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அந்தக் குழுவில் ஹேத்வி என்ற பெண் வீடு வீடாக வந்து, "நிஜம்னு பயந்துடாதீங்க, நாடகம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முக்தாபென்னிடமும் சொன்னதாகச் சத்தியம் செய்கிறாள். சொல்லியிருப்பாள். ஆனால் காக்ரா சுடும்போது முக்தாபென் காதில் எதுவும் ஏறாது.

சாயங்காலம் ஆரம்பித்தது. ஹேத்விதான் பெண்டாட்டி. புருஷனாக நடித்த தாடிக்காரன் ஒரு பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வீசினான். புடவைகள் தெருவில் சிதறின. அவள் ஓவென்று அழுதாள். கூட்டம் மொபைலைத் தூக்கிப் பிடித்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டேன்.

அப்போது முக்தாபென் வீட்டுக் கதவு திறந்தது.

கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்விட்டார். கை முழுக்க மாவு.

"டேய், நிறுத்துடா! குடிவந்த அன்னிக்கே பொட்டிய வீசறியா? அதுவும் விளக்கு வைக்கிற நேரத்துல!"

தாடிக்காரன் ஒரு கணம் திகைத்தான். ஆனாலும் நடிகனல்லவா, விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்க யாரும்மா? இது எங்க குடும்ப விஷயம்."

"குடும்ப விஷயமா? இந்தப் போள்ல அப்படி ஒண்ணு கிடையாது. எல்லார் சுவரும் ஒரு செங்கல் கனம்தான். நீ அங்க தும்மினா நான் இங்க ஆயுசு நூறுங்கறேன். பொறுக்குடா அந்தப் புடவைய!"

அவன் பொறுக்கினான்! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் நாடகத்தில் ஒரு பாத்திரம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். முக்தாபென்னோ சிரிப்பைக் கவனிக்கவே இல்லை. இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தினார்.

"இப்ப சொல்லுங்க. அவன் என்ன பண்ணான்னு நீ சொல்லாத. அவ என்ன பண்ணான்னு நீ சொல்லாத. அவங்கவங்க தப்ப அவங்கவங்க சொல்லணும். ம், ஆரம்பி."

தாடிக்காரனுக்கு வசனம் மறந்துவிட்டது. ஹேத்வி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது எனக்கே தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் மேலே, தருபென் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"பாபி! ஐயோ, பாபி! இந்தப் பக்கம் வாங்க! அது நாடகம்! அவங்க நடிக்கிறவங்க!"

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. போள்காரர்கள் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. மூத்த ஓர்ப்படியை அழைக்கும் அந்த "பாபி" என்ற சொல்லை தருபென் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! வேறு யாரோ தன் ஓர்ப்படியைப் பார்த்துச் சிரிப்பதைப் பொறுக்க முடியாமல் அது அவர் வாயிலிருந்து தானாகக் கிளம்பிவிட்டது.

முக்தாபென் முகம் சிவந்தது. சுற்றிலும் இருந்த மொபைல்களைப் பார்த்தார். அவமானம் தாங்காமல் உள்ளே ஓடிவிடுவார், இனி ஜென்மத்துக்கும் அந்தக் கதவு திறக்காது என்றுதான் நினைத்தேன். அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும், பாபி. வந்து சொல்லிட்டுப் போனாங்களே."

"தெரிஞ்சும் வேடிக்கை பார்த்தியா? ஊரே சிரிக்கிற வரைக்கும்?"

"உங்ககிட்டயும்தானே சொல்லிட்டுப் போனாங்க! உங்க காதுல எப்பதான் எது விழுந்திருக்கு?"

"என் காதா? நீ வாயத் திறந்து பேசினாத்தானடி காதுல விழும்! பொண்ணு கல்யாணத்துக்கு அழைக்கக்கூட உனக்கு வாய் வரல!"

"நீங்க மட்டும்? என் வீட்டுக்காரர் போனப்ப மூலையில உக்காந்துட்டு எழுந்து போனீங்களே, கட்டிப் பிடிச்சு அழுதீங்களா?"

அடேயப்பா! அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. கூட்டம் கழுத்தை மேலும் கீழும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. யாரோ கைதட்டினார்கள். எனக்கு அவர்களை அறைய வேண்டும்போல இருந்தது.

ஹேத்வி கெட்டிக்காரி. நாடகம் கைநழுவிப் போய்விட்டது என்பதும், வேறு ஏதோ கைக்குக் கிடைத்திருக்கிறது என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த புடவையைப் போட்டுவிட்டு வந்து, நாங்கள் இத்தனை காலமும் நிற்கப் பயந்த இடத்தில் நின்றாள்.

"பெரியம்மா, நிறுத்துங்க. அடுத்தவங்க தப்ப சொல்லக் கூடாதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"அது உங்களுக்குச் சொன்னது" என்றார் முக்தாபென்.

"நாங்க சும்மா நடிக்கிறவங்க. எங்களுக்கே அந்தச் சட்டம்னா உங்களுக்குக் கிடையாதா?"

முக்தாபென் தலையை நிமிர்த்தினார். மேலே ஜன்னலில் ஆளைக் காணவில்லை. போய்விட்டாரே என்று நினைத்தேன். செங்குத்தான ஏணிப்படியில், முட்டி வலியோடு, கயிற்றைப் பிடித்துப் பிடித்து இறங்கி தருபென் வாசலுக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"என் தப்ப நான் சொல்றேன்" என்றார். "அழைக்க வந்தேன், பாபி. உங்க வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள நீங்க அழுதுட்டு இருந்தீங்க. அழற வீட்டுல குங்குமத்த எப்படி நீட்டறதுன்னு திரும்பிட்டேன். அப்புறம் வர வெக்கமா இருந்துது. சித்தப்பாகிட்ட சொல்லி அனுப்பிட்டேன். அது தப்புதான்."

ஹேத்வி முக்தாபென்னைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். எத்தனை பேரை அவர் இப்படி நிறுத்தி வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்! அவரோ கையிலிருந்த காய்ந்த மாவை உரித்துக்கொண்டே நின்றார்.

"தெரியும்" என்றார் கடைசியில். "நீ வந்தது எனக்குத் தெரியும். கொலுசுச் சத்தம் கேட்டுது. கதவிடுக்குல பார்த்தேன். நீ திரும்பிப் போறதையும் பார்த்தேன். கூப்பிடல. போகட்டும்னு விட்டுட்டேன். விட்டுட்டு, அவ வரவேயில்லன்னு ஊரெல்லாம் சொன்னேன்."

அவர் சொன்னதை நம்பித்தானே நாங்களும் தருபென்னை ஒரு மாதிரியாகப் பார்த்து வந்தோம்!

தருபென் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர், "கூப்பிட்டிருக்கலாம்ல, பாபி?" என்று மட்டும் கேட்டார்.

"உள்ள வந்து கூட உக்காந்து அழுதிருக்கலாம்ல நீ?"

தெரு நடுவில், விழா விளக்குகளுக்குக் கீழே, ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்கள். இரண்டு சாவுக்கும் சேர்த்து அழுதார்கள் என்று நினைக்கிறேன். நானும் அழுதேன். மொபைல்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களைப் பற்றி நான் சொன்னதில் கொஞ்சத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் நீங்கள் எங்கள் போளில் வசித்ததில்லை என்று அர்த்தம். விற்பனைப் பேச்சு அப்படியேதான் இருந்தது. மௌலிக் பிடிவாதக்காரன், வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்பான். தருபென்னின் முட்டி வலியும் ஒரு அழுகையில் தீரப் போவதில்லை.

விழா முடிந்த மறுநாள் காலை குழாய் வியாபாரி வந்தார். கூடவே மௌலிக். தருபென்னின் கீழ் அறையில் உட்கார்ந்தார்கள். ஒரு பாவாடைக்கு நாடா கோக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நானும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் முக்தாபென் தட்டில் டீயும் காக்ராவும் எடுத்துக்கொண்டு வந்தார். நடுவில் சுவர் இருக்கிறதே, தெருவைச் சுற்றித்தான் வர வேண்டும். விற்காதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டை வைத்துவிட்டு, கேட்காமலே தருபென்னின் டீயில் மட்டும் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

வியாபாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதுன்னு சொன்னாங்களே" என்றார். "எங்க தொழில்ல அப்படிப்பட்ட வீடாப் பார்த்துத்தான் போவோம். பக்கத்து வீட்டுக்காரங்க குறுக்கே நிக்க மாட்டாங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்."

"அம்மா, இவர் காத்திட்டிருக்கார், சம்மதம் சொல்லு" என்றான் மௌலிக்.

தருபென் டீயை ஒரு வாய் குடித்தார். மகனைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பேச ஆளில்லாத வீட்டுல ராத்திரியெல்லாம் சுவரப் பார்த்துட்டு படுத்திருக்க முடியலடா. அதுக்குத்தான் வித்துட்டு உன்கிட்ட வரேன்னேன். இனி அது வேண்டாம், இவர் வேற வீடு பார்த்துக்கட்டும்."